கானகச் சித்திரமும் தடித்த தைலவர்ணமும்

சித்திரம் பயிலும் மாணவர் விரும்பித் தொடங்கும் பொருள்களுள் மரமும் ஒன்று. இடையிற் கைவிட்டு விலகும் பொருள்களுள் காடும் ஒன்று. தனிமரத்தை வரைதல் அத்துணை அரிதன்று. அதற்கு அடி உண்டு, கவடு உண்டு, வானத்தை எதிர்த்து நிற்கும் எல்லைக்கோடும் உண்டு. காட்டுக்கு அத்தகைய எல்லைக்கோடு இல்லை. உள்ளே புகுந்து நிற்பவன் கண்ணுக்கு இலைகள் ஆயிரம் தோன்றும். அவற்றுள் ஒன்றேனும் முழுமையாய்த் தோன்றாது. இலைகளை எண்ணி எண்ணி வரையப் புகுந்தவன் தோற்பான். அவ்வுழைப்புக்கு அஞ்சி, பச்சையை அள்ளி மெழுகி விடுபவனும் தோற்பான். இவ்விரு தோல்விகளுக்கும் இடையே மேனாட்டுச் சித்திரகாரர் கண்ட வழிகளுள் ஒன்று இம்பாஸ்டோ எனப்படும் தடித்த வர்ணப்பூச்சு முறை.

இம்பாஸ்டோ என்பது இத்தாலிய மொழிச் சொல். பிசைந்த மா, குழைவு என்பன அதன் அடிப்படைப் பொருள்கள். வர்ணத்தை நீர்போற் பரப்பாது, குழைத்த பதத்திலேயே எடுத்துத் தூரிகையாலோ கத்தியாலோ மேடுபட வைத்தலை இச்சொல் குறிக்கின்றது. மேடுபட அமைத்தல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தஞ்சாவூர்ச் சித்திரங்களில் சுண்ணப்பொடியையும் பசையையும் குழைத்து மேடாக்கி, அதன்மேற் பொற்றகட்டையும் கற்களையும் பதிப்பர். எனினும் இரண்டுக்கும் நோக்கம் வேறு. தஞ்சாவூர் மேடு பொன்னைத் தாங்குதற்கு எழுந்த பீடம். பொன் பதிந்தபின் குழைத்த கையின் சுவடு அதிலே தெரிதல் கூடாது. இம்பாஸ்டோவிலோ கையின் சுவடே காட்சிப்பொருள். தூரிகை சென்ற திசை, அழுத்திய வேகம், எடுத்த இடம் யாவும் வர்ணத்திற் பதிந்து கிடக்கும். பக்கத்திலிருந்து விழும் வெளிச்சம் அம்மேடுகளிற் பட்டுச் சிறு நிழல்களை உண்டாக்கும். ஆகவே சித்திரத்தில் இரண்டு வெளிச்சங்கள் உள. ஒன்று சித்திரகாரன் தீட்டியது. மற்றொன்று சித்திரம் தொங்கும் அறையிலிருந்து வருவது.

இம்முறையை விளங்கிக்கொள்ளுதற்குத் தைலவர்ணத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நீர்வர்ணம் நீர் ஆவியாதலால் உலர்கின்றது. தைலவர்ணம் அவ்வாறு உலர்வதன்று. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று, மெல்ல மெல்ல இறுகித் திண்மமாகின்றது. ஆதலின் மேற்பரப்பு முதலில் ஆடைகட்டும். உட்பகுதி நெடுங்காலம் இளகியே கிடக்கும். மெல்லிய பூச்சுச் சில நாட்களிற் கைக்கு ஒட்டாத நிலையை அடையும். விரற்கடையிற் பாதியளவு தடித்த பூச்சு முற்றும் இறுக ஓராண்டும் போதாது. எண்ணெய் மிகுந்த வர்ணத்தைத் தடிப்பாக வைத்தால் மேலாடை சுருங்கி, ஆறிய பாலின் ஏடுபோல மடிப்புவிடும். எண்ணெய் மிகுந்த பூச்சு உலருமுன் எண்ணெய் குறைந்த பூச்சை அதன்மேல் இட்டால் மேற்பூச்சு முதலில் இறுகி, கீழ்ப்பூச்சு அசையும்போது வெடிக்கும். மெலிந்ததன் மேலே கொழுத்தது வருதல் வேண்டும் என்னும் பழைய விதி இதனாலேயே எழுந்தது. தடிப்பு மட்டும் எண்ணெயால் வருதல் ஆகாது. வர்ணப்பொடியின் அடர்த்தியால் வருதல் வேண்டும். இதனை அறியாது குழாயிலிருந்து வந்ததையெல்லாம் குவித்து வைப்பவர் சித்திரம் தீட்டுகின்றாரல்லர், சுவர் பூசுகின்றார்.

குவித்தலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. நிழலை மெல்லிதாகவும் வெளிச்சத்தைத் தடிப்பாகவும் வைத்தலே அவ்வொழுங்கு. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து நாட்டு றெம்பிராண்ட் இதனை எல்லைவரை கொண்டுசென்றார். அவருடைய சித்திரங்களில் இருள் கண்ணாடிபோல் ஊடுருவ விடும். சரிகையும் மூக்கு நுனியும் கையால் தடவத்தக்க மேடாய் நிற்கும். அம்மேட்டை அவர் எதனாற் குழைத்தார் என்பது நெடுங்காலம் மறைபொருளாகவே இருந்தது. 2019ஆம் ஆண்டில் ஒல்லாந்து, பிரான்சு ஆகிய நாடுகளின் ஆய்வாளர் அவருடைய வர்ணத் துகள்களை எக்ஸ்கதிரால் ஆராய்ந்து, புளம்போனக்கிறைற்று என்னும் அரிய ஈயக் கனியத்தை அம்மேடுகளிற் கண்டனர். எண்ணெயோடு ஈயவொட்சைட்டைச் சேர்த்து அதனைக் காரத்தன்மை உடையதாக்கினார் என்பது அவர்கள் துணிபு. ஈயவெள்ளை நஞ்சு, அதைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருத்தல் தகாது. தைத்தேனியவெள்ளை போதுமானது. அது சற்றுத் தாமதித்து உலரும் என்பதைப் பொறுத்துக்கொள்ளல் வேண்டும்.

றெம்பிராண்ட் மனித முகத்துக்குச் செய்ததைக் காட்டு மரத்துக்குச் செய்யப் பின்னும் இரு நூற்றாண்டுகள் சென்றன. இங்கிலாந்தில் ஜோன் கொன்ஸ்தபிள், நனைந்த இலைமேல் மினுங்கும் ஒளியை வெள்ளை வர்ணத் துளிகளாகக் கத்தியாலும் தூரிகையாலும் வைத்தார். அதனைக் ‘கொன்ஸ்தபிளின் பனி’ என்று எள்ளியவர் அந்நாட்டிற் பலர். 1824ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அவருடைய சித்திரத்துக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. அதன்பின் பிரான்சில் தியோடர் றூசோ முதலானோர் பொந்தேன்புளோக் காட்டின் ஓரத்திலுள்ள பார்பிசோன் என்னும் சிற்றூரிற் குடியேறி, காட்டையே தங்கள் சித்திரசாலையாக்கினர். அதற்கு முன்னர் காடு பெரும்பாலும் தேவதைகளுக்கும் வேட்டைக்காரருக்கும் பின்திரையாகவே இருந்தது. றூசோவின் கையில் ஒவ்வோர் ஓக்கு மரமும் தன் முதுமையோடும் முறுக்கோடும் முன்வந்து நின்றது.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடாமற் செல்லுதல் இயலாது. அக்காட்டின் முதுமரங்கள் வெட்டப்படுவதைக் கண்ட றூசோவும் நண்பரும் 1852இல் அரசுக்கு முறையிட்டனர். 1861ஆம் ஆண்டு ஆணை ஒன்றால் ஆயிரம் எக்டேருக்கு மேற்பட்ட காடு கலைஞர் பொருட்டு வெட்டப்படாது ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவிலே யெலோஸ்டோன் பூங்கா 1872இல் தான் அமைந்தது. மரத்தின் பட்டையை விரலளவு விரலளவாகப் பார்த்துத் தீட்டியவரே அம்மரம் வீழ்வதை முதலில் உணர்ந்தனர். இதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆயினும் அதே றூசோ, இருளுக்கு ஆழம் தருமென நம்பிப் பிற்றுமன் என்னும் தார்ப்பொருளைக் கலந்தார். அது என்றும் முற்ற உலராத பொருள். அவர் காப்பாற்றிய மரங்கள் நிற்க, அவர் தீட்டிய மரங்களுட் சில கருகிப் போயின.

இம்பாஸ்டோவும் காடும் ஒன்றோடொன்று நேர்படச் சந்தித்த தருணத்தைத் தெளிவாகக் காட்டுபவர் வின்சென்ட் வான் கோ. 1882ஆம் ஆண்டு, எண்ணெய் வர்ணத்தை அவர் கைக்கொண்ட தொடக்க வாரங்களில், ஹேக் நகரத்தருகேயுள்ள காட்டிலிருந்து தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். தரையை வர்ணத்தால் தடிப்பாக மூடியபின் தூரிகையால் இட்ட வேர்கள் அக்குழம்பிலேயே அமிழ்ந்து போயின. ஆதலால் வேரையும் அடிமரத்தையும் குழாயிலிருந்து நேரே பிதுக்கி வைத்துப் பின் தூரிகையால் உருத்திருத்தியதாக அதில் தெரிவிக்கின்றார். மண்ணிலிருந்து வேர் எழுந்தவாறே வர்ணத்திலிருந்தும் வேர் எழுந்தது. ஜோன் ராண்ட் என்னும் அமெரிக்கர் 1841இல் வெள்ளீயக் குழாயை அமைத்திராவிடில் இது நிகழ்ந்திராது. அதற்குமுன் வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையிற் கட்டிக் கொண்டு திரிந்தனர். காட்டுக்கு எடுத்துச் செல்லல் பெருந்தொல்லை. 1890 யூலையில் வான் கோ கடைசியாகத் தீட்டியதென்று பெரும்பாலோர் கொள்ளும் சித்திரமும் மரவேர்களே. ஓவேர் என்னும் ஊரில் அவ்வேர்கள் இருந்த சரிவை 2020இல் ஒரு பழைய அஞ்சலட்டையின் துணைகொண்டு அறிந்தனர்.

கீழைநாட்டவர் இதனைத் தமதாக்கிக்கொண்டமைக்கு எஸ். எச். ரஸா தக்க சான்று. 1922இல் மத்திய இந்தியாவில் பிறந்த அவருடைய தந்தையார் காட்டிலாகாவிற் பணிபுரிந்தவர். நருமதை ஆற்றை அடுத்த மண்டலாப் பகுதியின் அடர்காட்டிலே அவருடைய இளமை கழிந்தது. காட்டின் இரவைப்பற்றிய அச்சமும் கவர்ச்சியும் முதுமைவரை தம்மை விட்டு நீங்கவில்லை என்று அவர் பலமுறை கூறியதுண்டு. 1947இல் பம்பாயில் சூசா, ஹுசைன் முதலியோரோடு முற்போக்குக் கலைஞர் குழுவை அமைத்தார். 1948இல் காஷ்மீரத்திற் சந்தித்த ஒளிப்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோன், அவருடைய சித்திரங்களிற் கட்டமைப்புக் குறைவென்றும் செசானைப் பயிலுமாறும் அறிவுறுத்தினார். 1950இல் ரஸா பாரிஸ் சென்றார். முன்னர் நீர்கலந்த வர்ணங்களையே பெரிதும் கையாண்டவர், அங்கே எண்ணெய் வர்ணத்தைக் கத்தியால் வைக்கக் கற்றார். பிரெஞ்சுக் கிராமங்களும் மரங்களும் அவருடைய பலகையிற் கரும்பச்சையும் செந்தீயுமாக மேடுபட்டு எழுந்தன. 1956இல் விமரிசகர் பரிசு கிடைத்தது. காலப்போக்கில் மரமும் வீடும் உருவழிந்து வெறும் வர்ண இயக்கமாயின; பிற்காலத்தே அவர் அக்கிரிலிக்கு வர்ணத்துக்கு மாறிப் பிந்து என்னும் வட்டத்தை அடைந்தார். அவ்வட்டத்தையே பலர் போற்றுவர். எனினும் தடித்த வர்ணத்தில் இருளும் கனலும் மோதும் நடுக்காலச் சித்திரங்களே, காட்டிரவை அஞ்சிய சிறுவனுக்கு மிக அண்மையில் உள்ளன. 2016இல் டில்லியில் மறைந்த அவருடைய உடல், அவர் விரும்பியவாறே மண்டலாவில் தந்தையாரின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டது.

இலங்கையில் 1943இல் தோன்றிய ‘நாற்பத்துமூன்றாம் ஆண்டுக் குழு’வைச் சேர்ந்த ஜஸ்டின் தெரணியகல தடித்த, துடிக்கும் பூச்சுக்குப் பேர்பெற்றவர், ஆனால் அவர் நாட்டம் மனித உருவத்திலேயே சென்றது. யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938இல் முன்னின்று அமைத்த வின்சர் சித்திரக் கழகம் ஆசிரியர் பலருக்குப் பயிற்சிக் களமாயிற்று. ஆயினும் வறண்ட வலயத்துக் காட்டைத் தன் பொருளாகக் கொண்டு தடித்த வர்ணத்தில் நிலைபெறச் செய்யும் பணி பெரும்பாலும் எஞ்சியே கிடக்கின்றது. அப்பணிக்குத் தம்பிலுவிலைப் போன்ற ஊர்களே தக்க இடங்கள்.

தம்பிலுவிலுக்குக் கிழக்கே கடல். மேற்கே களப்பும் வயலும், அவற்றுக்கப்பாற் காடும். சாகாமம், கஞ்சிகுடிச்சாறு ஆகிய பக்கங்களை நோக்கிச் செல்பவர் அந்த ஒழுங்கைப் படிப்படியாகக் காண்பர். இத்திசையமைப்பு சித்திரகாரனுக்கு ஒரு பெரும் வசதி. காலையிற் கடலிலிருந்து எழும் சூரியன் காட்டின் முகத்தில் நேரே படும். அடிமரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே துலங்கும். மாலையிற் சூரியன் காட்டின் பின்னே இறங்கும். காடு ஒரே கரிய மதிலாகி, அதன் உச்சியில் மட்டும் பொன்விளிம்பு ஓடும். ஆகவே காலைச் சித்திரத்தில் தடிப்பு அடிமரத்துக்கும் தரைக்கும் உரியது. மாலைச் சித்திரத்தில் மெல்லிய பரந்த இருளும், விளிம்பில் ஒரு கீற்றுத் தடிப்புமே போதும். ஒரே காடு இருவேறு வேலைகளைக் கேட்கின்றது. உச்சிவேளை எதற்கும் உதவாது. பூமத்தியரேகைக்கு அணித்தான இந்நிலத்திற் சூரியன் தலைக்கு நேரே நிற்க, நிழல் மரத்தடியிலேயே ஒடுங்கிவிடும்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது. காட்டு நிலமாகிய முல்லைக்குக் கார்காலத்தையும் மாலையையும் வகுத்தது. பொழுதைத் துணியாது நிலத்தைத் தீட்டப் புகும் மாணவன் இவ்விலக்கணத்தைச் சித்திர இலக்கணமாகவும் கொள்ளலாம். கார் என்பது ஆவணியும் புரட்டாதியும். கீழ்க்கரைக்கு அக்காலத்தில் மழை அரிது. வடகீழ்ப் பருவக்காற்றோடு அது பின்னரே வரும். இலக்கணத்தை அப்படியே எடுத்து ஒட்டுதல் ஆகாது. நிலத்தைப் பார்த்தே பொழுதைத் துணிதல் வேண்டும்.

மரங்களையும் பெயர்சொல்லி அறிதல் வேண்டும். பாலையின் பட்டை கருஞ்சாம்பல் நிறத்தது. ஆழ்ந்த வெடிப்புகளாற் சிறு கட்டங்களாய்ப் பிளந்திருக்கும். இதற்குக் கத்தியே ஏற்றது. தடித்த வர்ணத்தைப் பரப்பி, கத்தியின் விளிம்பால் அழுத்தி எடுத்தால் வெடிப்பு தானே உண்டாகும். அதனைத் தீட்டவே தேவையில்லை. வீரையின் அடிமரம் தசைநார்போல் நெடுகக் குழிந்தும் புடைத்தும் முறுகியும் நிற்கும். அதற்குப் பன்றிமயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாக, இடையிற் கையெடாது, நீண்ட இழுப்புகள் வேண்டும். ஆற்றோரத்து மருது இவ்விரண்டுக்கும் மாறானது. வெளிறிய மெல்லிய பட்டை தகடு தகடாய்க் கழன்று வழுவழுப்பாயிருக்கும். கத்தியின் வயிற்றால் வெண்ணெய் தடவுவதுபோல் ஒருமுறை தடவி விட்டுவிடல் வேண்டும். மூன்றுக்கும் ஒரே பழுப்பு நிறக் கோடு இட்டுப் பழகிய கைக்கு இது முதலிற் கடினமே. தேசப்படத்தோடு வரும் நாட்காட்டிகளில் தேவதாருவையும் பனிமலையையும் கண்டு பிரதிசெய்யும் பழக்கம் சித்திர வகுப்புகளிற் பெரிது. பாலைப்பழம் தின்று வளரும் பிள்ளைகள் பாலைமரத்தை வரைய அறியாதிருத்தல் கல்விக்குப் பெருமை தருவதன்று.

பச்சை நிறமே கானகச் சித்திரத்தின் பொறி. குழாயிலிருந்து நேரே வரும் பச்சை எந்தக் காட்டிலும் இல்லை. உலர்வலயத்து இலை தடித்தது, கரியது, மேற்புறம் மினுங்குவது. மினுங்குமிடத்தில் அது பச்சையன்று. வானத்தின் நீலச்சாம்பலையே காட்டும். மஞ்சட்காவியோடு கருமையைச் சேர்த்தால் ஒருவகை முதிர்பச்சை கிடைக்கும். விரிடியன் என்னும் குரோமியப் பச்சையோடு சுட்ட செங்காவியைச் சேர்த்தால் ஏறக்குறையக் கறுப்பான ஆழ்பச்சை உண்டாகும். இவ்விரண்டும் இருளுக்கும் இடைநிழலுக்கும் போதும். கச்சான் வீசும் மாதங்களிற் காட்டின் ஓரம் பச்சையைவிட மஞ்சட்பழுப்பையே மிகுதியாகக் கொண்டிருக்கும். அதனைக் காண மறுத்துப் பச்சையையே பூசுபவர் காட்டை அல்ல, காடு என்னும் சொல்லையே தீட்டுகின்றனர்.

வேலை நடக்கும் முறை இது. தெர்ப்பன்டைனிற் கரைத்த செங்காவியால் பலகை முழுவதையும் முதலில் மெல்லிதாய்த் துடைத்துக்கொள்ளல் நன்று. வெள்ளைப் பலகை கண்ணை ஏமாற்றும். பின்னர் இலைகளுக்கிடையே தப்பித் தெரியும் செம்மை காட்டுக்கு வெப்பம் தரும். அது உலர்ந்தபின் இருட்கூட்டங்களை இலையென்று எண்ணாது, மலைபோன்ற திரள்களென எண்ணி மெல்லிதாக இடுக. அடுத்து இடைநிறங்கள். இலைகளினூடே வானம் தெரியும் துளைகளை இதன்பின் இடல் வேண்டும். அத்துளைகள் திறந்த வானத்தின் அளவு வெளிச்சமாயிருத்தல் ஆகாது. சுற்றியுள்ள இலைச்செறிவு அவ்வொளியைச் சிறிது விழுங்கிவிடும். இதனை மறந்தால் காட்டில் வெள்ளைக் காகிதத் துண்டுகள் தொங்குவதுபோல் தோன்றும். கடைசியிலேயே தடித்த வெளிச்சம் வருகின்றது. தூரிகை நிறைய வர்ணம் எடுத்து ஒரே முறை வைத்து விலகல் வேண்டும். வைத்ததைத் திருத்தத் திருத்த அது கீழுள்ள இருளோடு கலந்து சேறாகும். பிழைத்தால் கத்தியாற் சுரண்டி எறிந்து மீண்டும் வைப்பதே முறை. தரைச்சருகுக்கு வேறொரு வழி உண்டு. இறுகிய மேடுகள்மேல் உலர்ந்த தூரிகையால் வெளிறிய காவியை மெல்ல இழுத்தால், முகடுகள் மட்டும் வர்ணத்தைப் பற்றிக்கொள்ளும்; குழிகள் இருளாகவே கிடக்கும். நூறு சருகை ஒரே இழுப்பிற் பெறலாம்.

எத்தனை இடத்தில் தடிப்பு வேண்டும் என்பதே கடைசிக் கேள்வி. பலகை முழுதும் மேடாயிருப்பின் ஒன்றும் மேடாகாது. மாணவர் சித்திரங்களில் மிகுதியாகக் காணும் குறை இதுவே. பத்தில் ஒரு பங்கு தடித்திருக்க, ஏனைய பகுதி அமைதியாயிருப்பின், அந்த ஒரு பங்கே காட்டின் நெருக்கத்தை முழுதும் உணர்த்தும்.

செலவு பற்றியும் கூறல் வேண்டும். இம்முறை வர்ணத்தை விழுங்குவது; சிறப்பாக வெள்ளையை. வெள்ளையோடு நுண்ணிய சுண்ணத்தூளைக் குழைத்துத் தடிப்பு ஏற்றும் வழக்கம் பழைய ஐரோப்பியச் சித்திரகாரரிடமும் இருந்தது. எண்ணெயில் அத்தூள் ஏறக்குறைய நிறமற்றதாகிவிடும். ஆதலால் வர்ணத்தைக் கெடுப்பதில்லை. கித்தானைவிட ஹாட்போட் பலகை மலிவு. நெகிழாததாகையால் தடித்த வர்ணத்துக்கு அதுவே பாதுகாப்பும் ஆகும். நெகிழும் கித்தானில் மேடுகள் நாளடைவில் வெடித்து உதிரும்.

காலநிலையையும் எண்ணாது விடலாகாது. கடற்கரையின் ஈரக்காற்றும் மாரிக்காலத்துப் பூஞ்சணமும் தைலவர்ணத்துக்குப் பகை. ஆதலின் வேலையை வறட்சி மாதங்களில் தொடங்குதல் நன்று. பலகையின் முன்புறத்தோடு பின்புறத்தையும் விளிம்பையும் பூசி அடைக்க வேண்டும். இல்லாவிடின் ஈரம் பின்வழியே புகுந்து பலகையை வளைக்கும். சுவரோடு ஒட்டத் தொங்கவிடாது, காற்றோட நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டுகளை வைத்தல் வேண்டும். தூசி மேட்டுக் குழிகளிலே தங்கும். ஈரத்துணியால் துடைக்காது மென்மயிர்த் தூரிகையாலேயே தட்டவேண்டும்.

காடோ அதுவரை காத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்போது பட்டிப்பளை ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெருங்காடுகள் வயலுக்கும் குடியேற்றத்துக்குமாக வெட்டப்பட்டன. சேனநாயக்க சமுத்திரத்தின் நீரடியிலும் காடு கிடக்கின்றது. அந்நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த பகுதி 1954இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. வெட்டப்படுமுன் அப்பள்ளத்தாக்கின் பாலையும் வீரையும் எவ்வாறு நின்றன என்பதைத் தைலவர்ணத்தில் நின்று தீட்டி வைத்த தமிழ்ச் சித்திரத்தைக் காண்டல் அரிது. நில அளவையாளரின் படம் காட்டின் பரப்பைக் கூறும். மரவாணிகரின் கணக்கு கனவடியைக் கூறும். பட்டையின் வெடிப்பில் மாலை வெயில் எவ்வாறு தங்கிற்று என்பதை அவையிரண்டும் கூறா.

தீட்டி முடிந்த பலகைக்கு வார்ணிசு இடுதற்கு ஓராண்டேனும் பொறுத்தல் வேண்டும். மேடுகள் உயர்ந்தவையாயின் அதற்கு மேலும் பொறுத்தல் நன்று. அக்காலமெல்லாம் அதனைத் துணியாற் போர்த்தி இருட்டறையிற் பூட்டி வைக்கும் வழக்கம் தவறானது. ஆளிவிதை எண்ணெய் இருளில் மஞ்சளிக்கும் இயல்பினது, வெண்மேடுகள் பழுப்பேறும். சன்னலுக்கு எதிர்ச்சுவரில், நேர்வெயில் படாத நல்வெளிச்சத்தில் அதனைச் சாத்தி வைத்தல் வேண்டும். முன்னரே மஞ்சளித்திருப்பினும் சில வாரங்களில் அந்நிறம் பெரும்பாலும் நீங்கிவிடும்.